எளிய உரைக்கோப்புகளிலிருந்து மென்பொருள் கையேட்டை இணையத்தில் வெளியிடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழில் மென்பொருள் கையேடு எழுத வருபவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்களில் பெரும்பாலும் ஸ்பிங்க்ஸ் என்ற கருவியைப் பற்றித்தான் பேசுகிறேன். நான் நாள்தோறும் புழங்குவது அதுதான். மற்ற கருவிகளைப் பயன்படுத்துவோருக்கும் பாதிக்கு மேல் பொருந்தும்.

எளிய உரை மூலக்கோப்பு என்றால் என்ன? வேர்டில் எழுதிப் பிடிஎஃப் ஆக்கிப் போட்டால் போதாதா?

நோட்பேடில் திறந்தாலே படிக்க முடிகிற கோப்புதான் எளிய உரை. தலைப்புக்கு ஒரு குறி, பட்டியலுக்கு ஒரு குறி, அவ்வளவே அலங்காரம். அந்தக் கோப்புகளை ஒரு கருவி படித்து, பக்கப்பட்டி, தேடல், பொருளடக்கம் எல்லாவற்றோடும் வலைப்பக்கங்களாக மாற்றித் தரும். நீங்கள் காப்பாற்ற வேண்டியது மூலத்தை மட்டும்தான். வலைத்தளம் அழிந்தாலும் ஒரு கட்டளையில் மறுபடி உருவாகிவிடும்.

வேர்டு ஏன் போதாது என்பதற்கு எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு சிறு நிறுவனத்தின் கணக்கு மென்பொருளுக்குக் கையேடு எழுதிக் கொடுத்திருந்தேன். அடுத்த பதிப்பில், தரவு சேமிக்கும் கோப்புறையின் பெயரை நிரலாளர்கள் மாற்றினார்கள். நிரல் மாறியது, என் கணினியில் இருந்த வேர்டு கோப்புக்கு அது தெரியவில்லை. கையேட்டைப் பார்த்து ஒருவர் ஒரு மாதம் முழுக்கப் பழைய, வெற்றுக் கோப்புறையையே பென்டிரைவில் நகலெடுத்து வைத்திருக்கிறார். வட்டு பழுதானபோதுதான் தெரிந்தது. அந்த மாதக் கணக்கை அவர் ரசீதுகளை வைத்து மறுபடி ஏற்றினார்.

கிட் என்பது கோப்புகளின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் கருவி. கையேட்டின் மூலக்கோப்பு நிரல் இருக்கும் அதே கிட் களஞ்சியத்தில் இருந்திருந்தால், கோப்புறைப் பெயரை மாற்றியவர் தேடும்போது கையேட்டின் வரியும் சேர்ந்தே அகப்பட்டிருக்கும். நிரல் மாற்றமும் கையேட்டு மாற்றமும் ஒரே கமிட்டில், அதாவது ஒரே பதிவில், போயிருக்கும். எளிய உரையை நான் வற்புறுத்துவதற்கு இது ஒன்றே காரணம். மற்ற வசதிகள் எல்லாம் பிறகுதான்.

மார்க்டவுனா, ஆர்எஸ்டியா, ஆஸ்கிடாக்கா? எதில் எழுதுவது?

மூன்றுமே நல்லவை. மார்க்டவுனை 2004-இல் ஜான் க்ரூபர் வெளியிட்டார். வலைப்பதிவு எழுதுவதற்காக வந்தது, ஐந்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ஆனால் கையேட்டுக்கு வேண்டிய குறுக்கிணைப்பு, எச்சரிக்கைப் பெட்டி, சொல்லடைவு போன்றவை அதில் இயல்பாக இல்லை. ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி ஒட்டுப்போட்டிருக்கிறது. ஆஸ்கிடாக் 2002-இல் ஸ்டூவர்ட் ராக்கம் உருவாக்கியது. கிட் மென்பொருளின் கையேட்டுப் பக்கங்களே அதில்தான் எழுதப்படுகின்றன.

ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட், சுருக்கமாக ஆர்எஸ்டி, பைத்தான் நிரல்மொழி உலகிலிருந்து வந்தது. பைத்தானின் ஆவணங்கள் முன்பு லேட்டெக் என்ற அச்சுக்கோப்பு மொழியில் இருந்தன. கெயார்க் பிராண்டல் அவற்றை ஆர்எஸ்டிக்கு மாற்றினார். அதற்காக எழுதிய கருவியைத்தான் 2008-இல் ஸ்பிங்க்ஸ் என்று வெளியிட்டார். 2016-இல் லினக்ஸ் கெர்னலும் 4.8 பதிப்பிலிருந்து தன் ஆவணங்களை ஸ்பிங்க்ஸுக்கு மாற்றத் தொடங்கியது.

பத்து, பதினைந்து பக்கக் கையேடு என்றால் மார்க்டவுனும் அதை வலைத்தளமாக்கும் எம்கேடாக்ஸ் கருவியும் போதும். பக்கங்கள் ஒன்றையொன்று அடிக்கடி சுட்டும், பல ஆண்டுகள் ஓடும் என்றால் ஸ்பிங்க்ஸ். எழுத மார்க்டவுன்தான் கைக்கு வருகிறது என்பவர்கள் மிஸ்ட் என்ற நீட்சியைச் சேர்த்தால் ஸ்பிங்க்ஸிலேயே மார்க்டவுனில் எழுதலாம்.

தொடங்க என்னென்ன வேண்டும்?

பைத்தான், ஒரு உரைத்திருத்தி, கிட். பைத்தானின் நிறுவு கருவியான பிப் மூலம் ஸ்பிங்க்ஸை நிறுவி, அதன் ‘குயிக்ஸ்டார்ட்’ கட்டளையை ஓட்டினால் நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு அடிப்படைக் கோப்புகளை உருவாக்கித் தரும். அவற்றில் ‘கான்ஃப்’ என்ற அமைப்புக் கோப்பில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிடுங்கள். அப்போதுதான் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இது தமிழ்’ என்ற குறிப்பு போகும். திரைவாசிப்பான் எந்தக் குரலில் படிக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அந்தக் குறிப்பை வைத்துத்தான். பார்வையற்ற வாசகருக்கு நாம் செய்யக்கூடிய மிகச் சிறிய, மிக அவசியமான காரியம் இது.

கோப்புகளை யுடிஎஃப்-8 என்ற யூனிகோடு குறிமுறையில் சேமியுங்கள். விண்டோஸ் 10-இன் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து நோட்பேடே இயல்பாக அப்படித்தான் சேமிக்கிறது.

தலைப்புக்குக் கீழே கோடு போட்டிருக்கிறேன். ஆனாலும் ‘கோடு சிறியது’ என்று எச்சரிக்கை வருகிறதே?

தமிழில் எழுதும் எல்லாரும் முதல் நாளே இதில் மாட்டுவார்கள். ஆர்எஸ்டியில் தலைப்பின் கீழ் சமக்குறிகளால் கோடு இழுக்க வேண்டும். அது தலைப்பைவிடக் குறுகியதாக இருக்கக் கூடாது. ‘நிறுவுதல்’ என்று ஒரு தலைப்பு இருக்கிறது. நம் கண்ணுக்கு நி, று, வு, த, ல் என்று ஐந்து எழுத்து. ஐந்து சமக்குறி போடுகிறோம்:

நிறுவுதல்
=====

யூனிகோடில் அந்தச் சொல் ஒன்பது குறியீடுகள்: ந, இகரக் குறி, ற, உகரக் குறி, வ, உகரக் குறி, த, ல, புள்ளி. இவற்றில் புள்ளியை மட்டும் தனி அகலமில்லாத குறி என்று கருவி கழித்துவிடுகிறது. இகர, உகரக் குறிகளைத் தனித்தனி எழுத்தாகவே எண்ணுகிறது. ஆக அதன் கணக்கில் நீளம் 8, நாம் போட்டது 5.

தீர்வு எளிது. எண்ணவே எண்ணாதீர்கள். எல்லாத் தலைப்புக்கும் நாற்பது குறி கொண்ட ஒரே கோட்டை நகலெடுத்து ஒட்டுங்கள். கோடு நீளமாக இருந்தால் கருவி ஒன்றும் சொல்லாது.

``கட்டளை``ஐ என்று எழுதினால் குறியீடு உடைந்துபோகிறது. ஏன்?

ஆங்கிலத்தில் சொல்லுக்குப் பின் இடைவெளி வரும். நமக்கு ஐ, இல், உக்கு என்று உருபு ஒட்டிக்கொண்டு வரும். ஆர்எஸ்டியின் விதிப்படி, மூடும் குறிக்குப் பின்னால் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருந்தாக வேண்டும். நேராக எழுத்து வந்தால் குறி மூடப்படவே இல்லை என்று எடுத்துக்கொள்ளும்.

இதற்கு வழி, மூடும் குறிக்குப் பின் ஒரு பேக்ஸ்லாஷும் இடைவெளியும் விடுவது:

``கட்டளை``\ ஐ

வெளியீட்டில் அந்த இடைவெளி மறைந்து, உருபு ஒட்டிக்கொள்ளும். மூலத்தில் இது பார்க்க நன்றாக இல்லை என்பது உண்மைதான். ஆர்எஸ்டியைப் படிக்க ஸ்பிங்க்ஸ் பயன்படுத்தும் டாக்யுட்டில்ஸின் அமைப்பில் எழுத்து மட்டத்திலேயே குறியீட்டை ஏற்கச் சொல்லும் ஒரு விருப்பம் உண்டு. அதை இயக்கினால் பேக்ஸ்லாஷ் தேவைப்படாது. ஆனால் கோப்புப் பெயர்களில் வரும் அடிக்கோடுகளையும் நட்சத்திரக் குறிகளையும் அது குறியீடாக எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால் நான் இயக்குவதில்லை. ‘``கட்டளை`` என்பதை’, ‘``தரவு`` என்ற கோப்புறையில்’ என்று வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுகிறேன். வாசகருக்கும் எது கட்டளை, எது உருபு என்ற குழப்பம் வராது.

மார்க்டவுனில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் இல்லாமலில்லை. **கோப்பு**ஐ என்று எழுதினால் சரியாக வரும். **கோப்பு (புதியது)**ஐ என்று எழுதினால் தடித்த எழுத்து வராது, நட்சத்திரங்கள் அப்படியே தெரியும். மூடும் குறிக்கு முன்னால் அடைப்புக்குறியும் பின்னால் எழுத்தும் இருப்பதுதான் காரணம்.

கோப்புகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா?

வைக்கலாம், வேலை செய்யும். ஆனாலும் வேண்டாம் என்பேன். கோப்புப் பெயர்தான் வலை முகவரியாகிறது. முகவரியை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டினால், ஒவ்வொரு யூனிகோடு குறியீடும் மூன்று பைட்டாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று எழுத்தாகும். ‘கையேடு’ என்ற ஆறு குறியீடுகள் 54 எழுத்துகளாக நீண்டு கிடக்கும். கிட்டும் இயல்பான அமைப்பில் தமிழ்க் கோப்புப் பெயரை எண்களாகத்தான் காட்டும். அதை மாற்ற ஒவ்வொருவரும் தங்கள் கணினியில் ஒரு அமைப்பைத் திருத்த வேண்டும். உள்ளே எல்லாம் தமிழ், கோப்புப் பெயர் மட்டும் ரோமன் எழுத்தில் என்பது என் வழக்கம்.

ஒரு குறிப்பிட்ட பகுதிக்கு இணைப்புக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து அது வேறு பகுதிக்குப் போகிறது?

ஸ்பிங்க்ஸ் ஒவ்வொரு தலைப்புக்கும் ஓர் அடையாளம் கொடுக்கும். ஆங்கிலத் தலைப்பு என்றால் அந்தச் சொற்களே அடையாளம். தமிழ் எழுத்துகளை அது தள்ளிவிடுவதால் மிச்சம் ஒன்றும் இருப்பதில்லை. ஆகவே ‘ஐடி1’, ‘ஐடி2’ என்று எண் போட்டுக்கொண்டே போகும். நடுவில் ஒரு தலைப்பு சேர்த்தால் எண்கள் நகரும், வெளியாட்கள் கொடுத்த இணைப்புகள் எல்லாம் தடம் மாறும்.

அதனால் முக்கியமான ஒவ்வொரு தலைப்புக்கும் மேலே நீங்களே ரோமன் எழுத்தில் ஒரு பெயர்ச்சீட்டு வையுங்கள். குறுக்கிணைப்பும் அதை வைத்தே கொடுங்கள். பிறகு தலைப்பின் சொற்களை மாற்றினாலும் இணைப்பு உடையாது. முதல் நாளிலேயே செய்யுங்கள். நூறு பக்கம் ஆன பிறகு உட்கார்ந்து செய்வது பெரிய வேலை.

தளத்தின் தேடலில் ‘கோப்பு’ என்று தேடினால் உருப்படியாக ஒன்றும் வரவில்லையே?

எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் இடம் இது. ஸ்பிங்க்ஸ் தேடல் அட்டவணை தயாரிக்கும்போது உரையைச் சொற்களாகப் பிரிக்கிறது. பைத்தானின் வழக்கமான சொல்-விதியைத்தான் அதற்குப் பயன்படுத்துகிறது. அந்த விதி எழுத்தையும் எண்ணையும் மட்டும் சொல்லின் பகுதியாக ஏற்கும். நம் கொம்பு, கால், புள்ளி ஆகியவற்றை ஏற்காது. ‘கோப்பு’ என்ற சொல் அதன் கையில் க, ப, ப என்று மூன்று துண்டாகிவிடும். உலாவிப் பக்கத்திலும் நாம் தட்டச்சும் சொல் அதே போல் வெட்டுப்படும். துண்டுகளைத் துண்டுகளோடு ஒப்பிட்டால் பாதிப் பக்கங்கள் விடையாக வரும், அல்லது ஒன்றும் வராது. நம் வாசகர் ‘இந்தக் கையேட்டில் இது இல்லை போல’ என்று மூடிவிட்டுப் போவார்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தமிழுக்கான சொல்பிரிப்பானை நாமே எழுதிச் சேர்ப்பது. தேடல் மொழிக்கான வகுப்பை நீட்டிக்க ஸ்பிங்க்ஸ் இடம் தருகிறது. பைத்தான் பக்கம் ஒரு பிரிப்பான், உலாவிப் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பிரிப்பான், இரண்டும் ஒரே மாதிரி வெட்ட வேண்டும். எழுதவேண்டிய நிரல் சில பத்து வரிகள்தான். மற்றது, ஸ்பிங்க்ஸ் உருவாக்கிய வலைப்பக்கங்களின் மேல் பேஜ்ஃபைண்ட் போன்ற தனித் தேடல் கருவியை ஓட்டுவது. எதைச் செய்தாலும், வெளியிடும் முன் ‘கோப்பு’, ‘கோப்பில்’, ‘கோப்புறை’ என்று மூன்று சொல்லைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

அதுவரைக்கும்? சொல்லடைவு நன்றாக இருந்தால் தேடல் இல்லாத குறை பாதி தீரும். ஒவ்வொரு பகுதியிலும் வாசகர் எந்தச் சொல்லால் தேடுவார் என்று யோசித்து அந்தச் சொல்லைப் பதிந்து வையுங்கள். ‘காப்புநகல்’ என்று நீங்கள் எழுதியிருந்தாலும் அவர் ‘பேக்கப்’ என்றுதான் தேடுவார். இரண்டையும் பதியுங்கள்.

சொல்லடைவு அகரவரிசையில் வருமா?

யூனிகோடு எண் வரிசையில் வரும். அது நம் அகராதி வரிசை ஆகாது. அகராதியில் ச் முன்னால், ச பின்னால் என்பதால் ‘அச்சு’க்குப் பிறகே ‘அசைவு’. யூனிகோடில் புள்ளி மற்ற உயிர்க்குறிகளுக்கெல்லாம் பின்னால் இருப்பதால் ‘அசைவு’ முந்திவிடும். ள, ழ இரண்டும் வகரத்துக்கு முன்னால் நிற்பதால் ‘அளவு’ வந்து, பிறகு ‘அவை’ வரும். முதலெழுத்து சரியாக இருப்பதால் வாசகர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். நான் இதைத் திருத்த மெனக்கெடவில்லை.

எங்கே ஏற்றுவது? செலவாகுமா?

வெளிவருவது வெறும் நிலையான பக்கங்கள். தரவுத்தளம் கிடையாது, எந்த வழங்கியிலும் வைக்கலாம். திறமூல மென்பொருளுக்கு ரீட் த டாக்ஸ் என்ற ஆவணத் தளம் இலவசம். பக்கத்தில் ஒரு விளம்பரம் வரும். 2010-இலிருந்து இயங்குகிறது, பல பதிப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் வசதி அங்கே சிறப்பு. கிட்ஹப் தளத்தின் வெளியீட்டுச் சேவையான கிட்ஹப் பேஜஸும் பொதுக் களஞ்சியங்களுக்கு இலவசம். தளத்தின் அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். உரையால் ஆன எந்தக் கையேடும் அதைத் தொடப்போவதில்லை.

கிட்ஹப் பேஜஸில் ஏற்றினேன். நிறமும் வடிவமும் போய், வெறும் எழுத்தாக நிற்கிறது!

பதறாதீர்கள். ஸ்பிங்க்ஸ் தன் பாணிக் கோப்புகளை அடிக்கோட்டில் தொடங்கும் பெயருள்ள கோப்புறையில் வைக்கிறது. களஞ்சியத்தின் ஒரு கிளையிலிருந்து நேரடியாக வெளியிடும்போது, கிட்ஹப் அதை ஜெகில் என்ற கருவி வழியாக அனுப்பும். அடிக்கோட்டில் தொடங்கும் கோப்புறைகளை ஜெகில் விட்டுவிடும். ‘.நோஜெகில்’ என்ற பெயரில், ரோமன் எழுத்தில், ஒரு வெற்றுக் கோப்பைத் தளத்தின் வேர்க்கோப்புறையில் போட்டால் சரியாகிவிடும். அந்தக் கோப்பைத் தானே உருவாக்கும் நீட்சியும் ஸ்பிங்க்ஸோடு வருகிறது.

ஒவ்வொரு முறையும் நானே பில்ட் செய்து (வலைப்பக்கங்களாக மாற்றி) ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். கமிட் வந்தவுடன் வழங்கியே பில்ட் செய்து வெளியிடும்படி அமைக்கலாம். அமைக்கும்போது ஒன்றை மட்டும் விடாமல் செய்யுங்கள்: எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கருதும் சுவிட்சைப் போடுங்கள். ஸ்பிங்க்ஸில் அது பெரிய எழுத்து டபிள்யூ. இல்லையென்றால் எச்சரிக்கைகள் குவியும். மூன்று இருக்கும்போது படிப்பீர்கள், முந்நூறு ஆனால் யாரும் படிக்கமாட்டார்கள். அந்தக் குவியலில்தான் உண்மையான உடைந்த இணைப்பு ஒன்று ஒளிந்திருக்கும்.

வெளி இணைப்புகளைச் சோதிக்கத் தனி பில்டர் உண்டு. அதை ஒவ்வொரு கமிட்டுக்கும் ஓட்டாதீர்கள். அடுத்தவர் தளம் ஒரு நிமிடம் படுத்துவிட்டால் உங்கள் வெளியீடு நிற்கும். வாரம் ஒருமுறை போதும்.

கையேட்டில் இருக்கும் நிரல் எடுத்துக்காட்டுகள் பழசாகிவிடாமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கையேட்டுக்குள் ஒட்டாதீர்கள். எடுத்துக்காட்டுகளைத் தனி நிரல் கோப்புகளாக வையுங்கள், அவற்றைச் சோதனைகளோடு ஓட்டுங்கள், கையேட்டில் அந்தக் கோப்பின் குறிப்பிட்ட பகுதியை மட்டும் இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். ஸ்பிங்க்ஸில் அதற்கென்று கட்டளை உண்டு. வரி எண்ணைக் கொடுத்து இழுக்காமல், தொடக்கமும் முடிவும் குறிக்கும் குறிப்புச் சொற்களைக் கொடுத்து இழுங்கள். வரி எண் அடுத்த வாரமே மாறிவிடும். திரைப்பிடிப்புகளைத் தானாகச் சோதிக்க முடியாது. சொல்லால் விளக்க முடிகிற இடத்தில் படம் வைக்காதீர்கள்.

ஆங்கிலக் கையேடு ஏற்கெனவே இருக்கிறது. தமிழாக்கத்தை எப்படி நடத்துவது?

கோப்புகளை நகலெடுத்துத் தமிழில் மாற்றி எழுதுவதுதான் முதலில் தோன்றும். ஆறு மாதத்தில் ஆங்கிலம் எங்கோ போயிருக்கும், எந்தப் பத்தி மாறியது என்று தெரியாமல் நிற்பீர்கள். ஸ்பிங்க்ஸ் மூலத்தைப் பத்தி பத்தியாகப் பிரித்து கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்புகளாகத் தரும். அதில் தமிழை நிரப்பினால் போதும். ஆங்கிலப் பத்தி மாறினால் அந்தப் பத்தி மட்டும் ஆங்கிலத்தில் தெரியும், மற்றதெல்லாம் தமிழிலேயே இருக்கும். பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணங்களின் மொழிபெயர்ப்புகள் இந்த முறையில்தான் நடக்கின்றன. தவறான தமிழ் விளக்கத்தைவிட, அந்த ஒரு பத்தி ஆங்கிலத்தில் இருப்பது வாசகருக்கு நல்லது.

பிடிஎஃப் வேண்டும் என்கிறார்கள். தமிழ் எழுத்துகள் கட்டம் கட்டமாக வருகின்றன.

இயல்பாக ஓடும் பிடிஎஃப் லேட்டெக் தமிழைக் கையாளாது. அமைப்புக் கோப்பில் ஸீலேட்டெக்கைத் தேர்ந்தெடுத்து, நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் போன்ற யூனிகோடு எழுத்துருவைக் குறியுங்கள். வந்த பிடிஎஃபில் ‘கொடு’, ‘கௌரவம்’ போன்ற சொற்களைத் தேடிப் பாருங்கள். கொம்பும் காலும் எழுத்தின் இருபக்கமும் சரியாக உட்கார்ந்திருந்தால் மற்றதும் சரியாக இருக்கும்.

எங்களிடம் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வேர்டு கையேடு இருக்கிறது. அதை மீட்கலாமா?

மீட்கலாம். வரிசை முக்கியம்: முதலில் எழுத்துரு மாற்றியால் யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு பான்டாக் என்ற கோப்பு மாற்றியைக் கொண்டு ஆர்எஸ்டியாகவோ மார்க்டவுனாகவோ மாற்றுங்கள். பாமினியில் தமிழ் எழுத்துகள் உள்ளே ரோமன் எழுத்துகளாகத்தான் இருக்கின்றன. அதனால் ஆவணத்தில் நடுநடுவே வரும் உண்மையான ஆங்கிலச் சொற்களும் கட்டளைகளும் மாற்றியில் சிக்கித் தமிழ்க் குப்பையாகிவிடும். கட்டளைகள் இருக்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்து, கையால் சரிபாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து பக்கம் என்று போனால் முடிந்துவிடும்.

குழுவில் நாலு பேர் எழுதுகிறோம். யார் எதை மாற்றினார்கள் என்று கிட் காட்டும்போது பத்தி முழுக்கச் சிவப்பாகத் தெரிகிறது.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். வெளியீட்டில் எல்லாம் ஒரே பத்தியாகத்தான் வரும். 1974-இல் பிரையன் கெர்னிகன் யூனிக்ஸ் தொடக்கநிலையாளர்களுக்கு எழுதிய குறிப்பிலேயே ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்கச் சொல்லியிருக்கிறார். இப்படி எழுதினால் ஒரு வாக்கியம் மாறினால் ஒரு வரி மட்டும் மாறியதாகக் காட்டும். இன்னொரு பயனும் உண்டு: மூன்று வரி நீளத்துக்கு ஓடும் வாக்கியம் மூலத்திலேயே கண்ணில் உறுத்தும், உடைத்து எழுதிவிடுவீர்கள்.

எங்கள் கையேட்டைத் திருத்தக்கூடியவர் ஒரு ஆசிரியை. கிட் தெரியாது. அவர் எப்படிப் பங்கெடுப்பார்?

ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் ‘இந்தப் பக்கத்தைத் திருத்து’ என்ற இணைப்பை வையுங்கள். பெரும்பாலான வார்ப்புருக்களில் ஒரு அமைப்பு மாற்றம் போதும். அவர் கிட்ஹப்பில் ஒரு கணக்கு மட்டும் வைத்திருந்தால், உலாவியிலேயே அந்தக் கோப்பு திறக்கும். ‘சொடுக்கவும்’ என்பதில் ஒற்றுப்பிழை இருந்தால் திருத்திவிட்டுப் பச்சைப் பொத்தானை அழுத்துவார். உங்களுக்கு அது ஒரு கோரிக்கையாக வந்து சேரும். முதல் முறை அவர் பக்கத்தில் அமர்ந்து காட்டிக்கொடுங்கள். குறியீடுகள் உடைந்திருந்தால் நீங்கள் சரிசெய்துகொள்ளுங்கள், அவரிடம் திருப்பி அனுப்பாதீர்கள். வந்த அன்றே ஏற்றுக்கொண்டு, தளத்தில் திருத்தம் ஏறியதும் அந்தப் பக்கத்தின் முகவரியை அவருக்கு அனுப்புங்கள்.